பேர்சியுஸ் மீண்டும் பிறந்த கதை

கதை சொல்லி முடித்ததும் குழந்தைகள் கேட்கும் கேள்வி உலகமெங்கும் ஒன்றுதான். "பிறகு?" என்பதே அக்கேள்வி. அரக்கன் அழிந்தான், அரசன் முடிசூடினான், எல்லாரும் இனிது வாழ்ந்தார்கள் என்று நாம் கதையை முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டினாலும், அந்தச் சின்னஞ்சிறு சொல் நம்மை எழுந்து போக விடாது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சிறுவர் நாவல், அவ்வாறான ஒரு "பிறகு?" என்னும் கேள்வியிலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்திலே 1964ஆம் ஆண்டு பிறந்தவர் றிக் றையோர்டன். பாடசாலைகளில் ஆங்கிலமும் வரலாறும் பல ஆண்டுகள் கற்பித்தவர். வளர்ந்தோருக்குரிய துப்பறியும் நாவல்களும் எழுதியவர். அவருடைய மகன் இரண்டாம் வகுப்பிலே படிக்கும்போது வாசிப்பதற்குப் பெரிதும் இடர்ப்பட்டான். அவதானம் ஓரிடத்தில் நில்லாமையும், எழுத்துகளைச் சொற்களாகக் கூட்டி வாசிக்க இயலாமையும் அவனுக்கு இருந்தன. பின்னதனை மருத்துவரும் கல்வியாளரும் டிஸ்லெக்சியா என்பர். பாடசாலை என்றால் கசந்த அப்பிள்ளைக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் மாத்திரம் இனித்தன. ஆகவே தந்தையார் இரவுதோறும் தமக்குத் தெரிந்த கிரேக்கக் கதைகளைச் சொல்லி வந்தார். கதைகள் தீர்ந்தன, பிள்ளையின் ஆசை தீரவில்லை. அதே தெய்வங்களையும் வீரர்களையும் வைத்துப் புதிய கதையொன்று புனைந்து சொல்லும்படி மகன் வேண்டினான். மூன்று இரவுகளில் அக்கதை சொல்லி முடிந்தது. முடிந்ததும், அதனைப் புத்தகமாக எழுதித் தரவேண்டும் என்றான் அவன்.

அவ்வாறு எழுதப்பெற்று 2005ஆம் ஆண்டு வெளிவந்ததே 'மின்னல் திருடன்' என்று பொருள்படும் பெயரையுடைய நாவல். அதனைத் தொடர்ந்து மேலும் நான்கு பாகங்கள் வந்து, 2009ஆம் ஆண்டு கதை நிறைவெய்தியது. 2010இல் அது திரைப்படமாகவும், 2023இன் இறுதியில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதை சொல்லும் மரபு ஆங்கில இலக்கியத்தில் புதிதன்று. அமெரிக்க எழுத்தாளர் நதானியல் ஹோதோர்ன் 1851இலே ஒரு தொகுதி எழுதினார். இங்கிலாந்திலே சாள்ஸ் கிங்ஸ்லி 1856இல் 'வீரர்கள்' என்னும் நூலை எழுதித் தம் பிள்ளைகளுக்கே காணிக்கையாக்கினார். ஆயினும் இவ்விருவரும் பழங்கதையைப் பழங்காலத்திலேயே வைத்துச் சொன்னவர்கள். றையோர்டனோ தெய்வங்களை இன்றைய அமெரிக்கத் தெருக்களுக்கே இட்டு வந்துவிட்டார். ஒலிம்பஸ் மலை நியூ யோர்க் நகரத்து எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் அறுநூறாவது மாடியில் இருக்கின்றது. பாதாள உலகத்தின் வாயில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே ஓர் ஒலிப்பதிவு நிலையத்துக்குள் இருக்கின்றது. மெடூசா என்னும் அரக்கி, வீதியோரத்தில் தோட்டச் சிலைகள் விற்கும் கடைக்காரியாகி, வருவோரைச் சிலையாக்கிச் சரக்குச் சேர்க்கிறாள்!

கதையைச் சுருக்கமாகச் சொல்வேன். பேர்சி ஜாக்சன் என்பவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஆறு ஆண்டுகளில் ஆறு பாடசாலைகளைக் கண்டவன். வாசிக்க முடியாதவன், ஓரிடத்தில் அமர முடியாதவன், குழப்படிகாரன் என்று பெயரெடுத்தவன். நூதனசாலையைக் காணச் சென்ற நாளொன்றில் அவனுடைய கணித ஆசிரியை திடீரெனச் சிறகு முளைத்த பேயாக மாறி அவன்மேற் பாய்கிறாள். கணித ஆசிரியை பேயாக மாறுவதில் நம் மாணவர் எவரும் பெருவியப்படைய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்! அவ்வேளை சக்கர நாற்காலியில் இருக்கும் இலத்தீன் ஆசிரியர் ஒரு பேனாவை அவனிடம் எறிகிறார், அது வாளாகிறது, பேய் பொடியாகிறது.

பின்னர் உண்மை வெளியாகின்றது. பேர்சியின் தந்தை கடலுக்கு அதிபதியாகிய பொசைடன். அவனைப்போலத் தெய்வத்துக்கும் மானிடருக்கும் பிறந்த பிள்ளைகள் பலர் கோடைகால முகாமொன்றிலே வாழ்ந்து போர்ப் பயிற்சி பெறுகின்றனர். தெய்வங்களின் அரசனாகிய சியுஸின் மின்னற் படைக்கலத்தை எவனோ திருடிவிட்டான். பழி பேர்சியின்மேல் விழுகின்றது. பத்து நாளுக்குள் அதனைக் கண்டுபிடித்துக் கொடாவிட்டால் தெய்வங்களிடையே பெரும்போர் மூளும். அறிவுத் தெய்வமாகிய அதீனாவின் மகள் அனபெத், பாதி ஆட்டுருவம் கொண்ட குரோவர் என்னும் தோழன் ஆகிய இருவரோடும் பேர்சி அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பயணம் செல்கிறான். வழியெல்லாம் பழைய அரக்கர்கள் புதிய வேடங்களில் காத்திருக்கிறார்கள்.

இனி, நூலாசிரியர் பழங்கதையை எவ்வாறு கையாண்டார் என்பதைச் சற்று நோக்குவோம். பேர்சி என்பது பேர்சியுஸ் என்பதன் குறுக்கம். பழைய பேர்சியுஸின் கதை இது. ஆர்கொஸ் நாட்டு அரசன் அக்கிரீசியஸ், தன் மகள் வயிற்றுப் பேரனால் தனக்கு மரணம் என்று குறி கேட்டறிந்து, மகள் டனேயையும் அவள் கைக்குழந்தையையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டான். பெட்டி ஒரு தீவில் ஒதுங்கியது. மீனவன் ஒருவன் காப்பாற்றினான். பிள்ளை வளர்ந்தபின், அத்தீவின் அரசன் டனேயை அடைய விரும்பி, இடையூறாக இருந்த மகனை மெடூசாவின் தலையைக் கொண்டுவருமாறு ஏவினான். சென்றவன் மீளமாட்டான் என்பது அவன் எண்ணம். பேர்சியுஸோ தலையோடு மீண்டான். அதனைக் காட்டி அரசனைக் கல்லாக்கித் தாயை விடுவித்தான்.

இக்கதையிலே பேர்சியுஸுக்கு உதவிய பொருள்கள் மூன்று நம் நினைவில் நிற்பன. அதீனாவின் துணையால் அமைந்த மெருகேற்றிய கேடயம் ஒன்று. பறப்பதற்குரிய சிறகுப் பாதரட்சை ஒன்று. அணிந்தாரை மறைக்கும், பாதாள அதிபதி ஹேடிஸின் தலையணி ஒன்று. நாவலைக் கூர்ந்து வாசிப்போர் இம்மூன்றையும் அங்கே காண்பர். ஆனால் அவை உருமாறிக் கிடக்கும். கேடயத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடி உருண்டை. அதில் தெரியும் நிழலைப் பார்த்தே மெடூசாவை வெட்ட வேண்டும் என்ற யோசனையைச் சொல்பவள் அதீனாவின் மகள். சிறகுப் பாதரட்சை நண்பன் ஒருவன் கொடுத்த பரிசாக வருகிறது. ஆனால் அதற்குள் வஞ்சகம் இருக்கிறது. ஹேடிஸின் தலையணியோ மின்னலைப்போலவே களவாடப்பட்டிருக்கிறது. பழங்கதையின் உதவிகள் யாவும் புதிய கதையிலே சோதனைகளாகிவிட்டன. பழைய வீட்டின் மரங்களைக் கொண்டே புதிய வீடு கட்டுவது போன்ற வேலை இது. மரம் தெரிந்த தச்சனுக்கே இது கைகூடும்.

தாயின் கதையும் அவ்வாறே. பேர்சியின் தாய் சலி, துர்நாற்றமும் துர்க்குணமும் நிறைந்த ஒருவனை மறுமணம் செய்து அல்லற்படுகிறாள். ஏன் அவ்வாறு செய்தாள்? தெய்வப் பிள்ளைகளை அரக்கர் மோப்பத்தால் அறிவர். இந்த மனிதனின் நாற்றம் மகனின் வாடையை மறைத்துவிடும்! கேட்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடிக்குமுன் கண் கலங்கும். பிள்ளை பிழைப்பதற்காக ஒரு தாய் எதனோடெல்லாம் உடனுறைந்து வாழ்கிறாள் என்பதை இதனினும் எளிதாகச் சிறுவருக்குச் சொல்ல இயலாது.

பழங்கதையிலே மகன் மெடூசாவின் தலையைக் காட்டித் தாயை விடுவித்தான். புதிய கதையிலோ, தன் வாழ்வைத் தானே சீர்செய்ய வேண்டும் என்று தாய் சொல்கிறாள். மகன் அந்தத் தலையைப் பெட்டியோடு வைத்துவிட்டு விலகிப் போகிறான். பின்னர் அக்கணவன் காணாமற் போகிறான். அவனைப் போன்ற சிலையொன்று நல்ல விலைக்குப் போகின்றது. அப்பணத்தில் தாய் பல்கலைக்கழகம் செல்கிறாள். தாய்க்கு அவள் கையிலேயே விடுதலையைக் கொடுத்த இம்மாற்றம் சிந்திக்கத் தக்கது. ஆனால் ஓர் உயிரைப் போக்கியதை இத்துணை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடலாமா என்று ஆசிரியனாகிய என் மனம் சற்றுத் தயங்கிற்று என்பதையும் மறைக்கமாட்டேன்.

நூலிலே என்னை மிகக் கவர்ந்த இடங்கள் இரண்டு. முதலாவது, லாஸ் வேகாஸ் நகரத்துத் தாமரை விடுதி. ஹோமரின் ஒடிசியிலே தாமரை உண்போர் நாடு ஒன்று வரும். அவ்வுணவை உண்ட மாலுமிகள் வீட்டை மறப்பர், திரும்பிச் செல்ல மறுப்பர். றையோர்டன் அந்நாட்டை ஒரு விளையாட்டு மாளிகையாக மாற்றுகிறார். எண்ணற்ற விளையாட்டு இயந்திரங்கள், வேண்டியபோதெல்லாம் உணவு, கேள்வி கேட்பார் எவருமிலர். சிறிது நேரம் விளையாடியதாக எண்ணி வெளியே வரும்போது ஐந்து நாள் கழிந்துபோயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்தவர்கள் வயது ஏறாமலே அங்கு விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு எழுதப்பட்ட இக்காட்சியை, பிள்ளைகள் கையிலெல்லாம் கைத்தொலைபேசி ஒளிரும் இக்காலத்தில் வாசிக்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. ஹோமரின் தாமரைக்கு இன்றும் வாட்டமில்லை.

இரண்டாவது, பாதாள உலகக் காட்சி. பேர்சியின் தாய் அங்கே சிறைப்பட்டிருக்கிறாள். தப்புவதற்கு அவனிடம் இருப்பவை மூன்று முத்துகள். ஒரு முத்து ஒருவரையே காக்கும். அங்கே நிற்பவர்கள் மூன்று தோழர்களும் தாயுமாக நால்வர். தோழர் இருவரும் தாம் பின்தங்குவதாக முன்வருகின்றனர். பேர்சியோ தோழரைக் கைவிட்டுத் தாயை மீட்பதை ஏற்காமல், மீண்டு வருவேன் என்று தாயிடம் கூறி அவளை அங்கேயே விட்டுச் செல்கிறான். இத்தனை தொலைவு அவன் வந்ததே அவளுக்காகத்தான். வாள்வீச்சிலே மட்டும் வீரம் இருப்பதாக நினைக்கும் சிறுவனுக்கு, வீரத்தின் வேறு முகத்தை இப்பக்கங்கள் காட்டுகின்றன. பின்னர் போர்த்தெய்வமாகிய ஏரிஸைக் கடற்கரையில் வென்று, களவுபோன தலையணியை ஹேடிஸிடம் சேர்ப்பித்த பின்னரே தாய் விடுவிக்கப்படுகிறாள்.

நேயர்களே, இவ்வளவோடு நின்றிருந்தால் இது நல்லதொரு வீரசாகசக் கதை என்று சொல்லி நான் விடைபெற்றிருப்பேன். இதன் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கின்றது. முகாமிலே தெய்வங்கள் பன்னிருவருக்குப் பன்னிரண்டு குடில்கள் உண்டு. எந்தத் தெய்வமும் 'இவன் என் பிள்ளை' என்று உரிமை கோராத பிள்ளைகள், ஹேர்மிஸின் குடிலிலே தரையில் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பேர்சியும் முதலில் அங்கேதான் படுத்தான். அக்குடிலின் மூத்தவன் லூக். ஹேர்மிஸின் சொந்தப் புதல்வன்; அன்புள்ளவன்; வாட்போரில் வல்லவன். தந்தை தன்னைப் பொருட்படுத்தவில்லை என்ற கசப்பு அவன் உள்ளத்தில் நெருப்பாய்க் கிடக்கின்றது. மின்னலைத் திருடியவன் அவனே. தெய்வங்களின் பழம்பகைவனாகிய குரோனஸ், அந்தக் கசப்பையே கயிறாகத் திரித்து அவனைக் கட்டிவிட்டான். வஞ்சகம் நிறைந்த அந்தச் சிறகுப் பாதரட்சையும் அவன் கொடுத்ததே.

சூரியனுக்குப் பிறந்தும் பெட்டியிலே வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனின் கதை நமக்குத் தெரியும். உரிமை கொண்டாட வேண்டியவர்கள் வாய்திறவாதபோது, உரிமை கொண்டாடியவன் துரியோதனனாயினும் அவன் பக்கமே சென்றான் கர்ணன். கிரேக்கமாயினும் பாரதமாயினும் மனித உள்ளம் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

தொடரின் இறுதிப் பாகத்தில் தெய்வங்கள் பேர்சிக்குச் சாகாவரம் தர முன்வருகின்றன. அவன் அதை மறுத்து வேறொரு வரம் கேட்கிறான். இனிமேல் தெய்வங்கள் தம் பிள்ளைகள் அனைவரையும் பதின்மூன்று வயதுக்குள் தம் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் முகாமிலே இடம் வேண்டும். ஐந்து பாகங்களின் பயனும் இந்த ஒரு வரத்திலே அடங்கிவிடுகின்றது.

இந்நூல் என் கைக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். எமது பாடசாலை நூலகத்துக்கு நன்கொடையாக வந்த புத்தகப் பொதியொன்றில் இது இருந்தது. மாணவன் ஒருவன் இதைக் கொண்டுவந்து, முதல் அத்தியாயத்தில் வந்த டிஸ்லெக்சியா என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டான். பொருள் சொன்னேன். அன்றிரவே நூலை வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, முப்பது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த இன்னொரு பையன் என் கண்முன் வந்து நின்றான்.

அவன் ஆறாந் தரத்தில் படித்தவன். கரும்பலகையில் நான் எழுதியதைக் கொப்பியில் எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கும். வாசிக்கச் சொன்னால் வியர்த்து நிற்பான். ஆனால் ஒருமுறை கேட்ட கதையை ஒரு சொல்லும் பிசகாமல் திருப்பிச் சொல்வான். அப்படிச் சொல்லக்கூடியவன் வாசிக்காமலிருப்பது சோம்பல் என்றே நான் முடிவு செய்தேன். பலமுறை வாங்கின்மேல் ஏற்றினேன், வெளியே நிறுத்தினேன், மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது நான் தடுக்கவில்லை. அவன் ஒன்பதாந் தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். வாசிப்பிடர் என்று ஒன்று உண்டென்பதையும், அதற்கும் அறிவுக்கூர்மைக்கும் தொடர்பில்லை என்பதையும் ஓர் ஆசிரியர் கருத்தரங்கிலே நான் அறிந்தபோது அவன் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். இயந்திரம் திருத்தும் தொழில் செய்கிறானாம். "சேர், சுகமா இருக்கிறீங்களா?" என்று பணிவோடு கேட்டான். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், வாய் எழவில்லை. பேருந்து வந்துவிட்டது.

நாவலிலே பேர்சிக்கு அவனுடைய குறைகளின் காரணம் சொல்லப்படும் இடம் ஒன்றுண்டு. எழுத்துகள் அவன் கண்ணுக்கு மிதப்பது, அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்ததனால். அவன் அமைதியின்றித் துடிப்பது, போர்க்களத்தில் உயிரைக் காக்கும் விரைவு அவனிடம் இருப்பதனால். ஒரு தந்தை தம் மகனுக்குக் கொடுத்த மருந்து இது. கதைக்குள் இது உண்மை. வெளியுலகில், வாசிக்க இடர்ப்படும் பிள்ளையைத் 'தெய்வப்பிள்ளை' என்று புகழ்ந்துவிட்டால் அவன் வாசித்துவிடமாட்டான். எழுத்தையும் ஒலியையும் ஒழுங்குமுறையாக இணைத்து, பலமுறை, பொறுமையோடு கற்பிக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுமை நமக்கு வருமுன், அவன் மூடனல்லன் என்ற நம்பிக்கை வரவேண்டும். அந்த நம்பிக்கையைப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒருங்கே ஊட்டுவது இந்நூலின் பெருநன்மை.

குறைகளும் உண்டு. அரக்கர் ஒருவர்பின் ஒருவராக வருகையில் சில இடங்களில் மூச்சுவிட நேரமில்லை. மேலைநாட்டு நாகரிகம் ஒரு தீச்சுடர்போலக் கிரேக்கத்திலிருந்து உரோமுக்கும், பின்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும், இறுதியில் அமெரிக்காவுக்கும் நகர்ந்ததாகவும், தெய்வங்களும் அதனோடு குடிபெயர்ந்ததாகவும் கதை சொல்கிறது. கதைக்கு வாய்ப்பான ஏற்பாடுதான். ஆயினும் நாகரிகம் என்பது ஒரே விளக்கன்று. உலகின் பல வீடுகளில் பல விளக்குகள் எரிந்தன, எரிகின்றன என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இறுதியாக அந்த இலத்தீன் ஆசிரியரைப் பற்றி ஒரு சொல். சக்கர நாற்காலியில் முடவர்போல் அமர்ந்திருந்த அவர் உண்மையில் கைரன்; பாதி மனிதரும் பாதிக் குதிரையுமானவர். பழங்கதையிலே அக்கிலீஸுக்கும் ஜேசனுக்கும் குருவாக விளங்கியவர். நாவலின்படி, கற்பிக்க வேண்டிய தேவை உள்ளவரை உயிரோடிருக்கும் வரத்தைத் தெய்வங்கள் அவருக்கு அளித்திருக்கின்றன. மற்ற ஆசிரியர்கள் தேறாது என்று தள்ளிவைத்த பிள்ளையிடம் அவர் மிகுதியாக எதிர்பார்த்தார்; பேய் பாய்ந்த வேளையில் பேனாவை எறிந்தவரும் அவரே.

என் வகுப்புப் பையனுக்கு நான் எறிந்தது பேனாவன்று, வசைச்சொல். இன்று ஆசிரியராக இருக்கும் இளைஞர்கள் அத்தவறைச் செய்யாதிருக்க இந்தச் சிறுவர் நாவல் உதவுமாயின், அதைச் சிறுவருக்கு மட்டும் விட்டுவிடுதல் தகாது. நாமும் வாசிப்போம். வாசித்தபின் வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அக்கதையைச் சொல்வோம். அவன் "பிறகு?" என்று கேட்பான். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.